நான்காம் பக்கத்துக் கட்டம்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் ஒரு காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஆறு பக்கப் படிவம். அதன் நான்காம் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு மேலே, ‘நடந்ததை உங்கள் சொற்களில் எழுதவும். தாய்மொழியிலும் எழுதலாம்’ என்று போட்டிருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் வழிந்ததைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

தாய்மொழியில் எழுதலாம் என்று அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் மொழி எனக்குத் தெரியாது என்று கையை விரித்திருப்பேன். மருமகள் ஏதோ நான்கு வரி எழுதியிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பம் இட்டிருப்பேன்.

நான் நாற்பத்திரண்டு வருஷம் பத்திரம் எழுதியவன். பதிவு அலுவலக வாசலில் என் மேசை. வீட்டை விற்றவர், நிலத்தை அடகு வைத்தவர், பாகம் பிரித்துக்கொண்டு முகம் பார்க்காமல் போன அண்ணன் தம்பிகள் என்று ஊரார் சங்கதி அத்தனையும் என் பேனா வழியாகப் போயிருக்கிறது. என் வீட்டுச் சங்கதி ஒரு வரி வெளியே போனதில்லை.

பத்திரத் தொழிலில் ஒரு முறை உண்டு. தப்பாக எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். கடைசியில் இத்தனை அடித்தல், இத்தனை திருத்தல் என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து. இந்தக் கதையிலும் அப்படியே செய்கிறேன். அடித்தவை சதுர அடைப்புக்குள் இருக்கும்.

இன்னொன்று. கதையில் வருகிறவரைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்லப்போகிறேன். நான் என்று எழுதக் கை கூசுகிறது. பெரியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் இருப்பது மரியாதை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

[பெரியவரும் அவர் மனைவியும் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்தார்கள். மனைவிக்கு அதற்கு முன் எந்த நோயும்]

அடித்துவிட்டேன். இந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் முயற்சி:

[வலிப்பு என்பது உலகத்தில் யாருக்கும்]

இதுவும் சரியில்லை. பத்திரம் எழுத வருகிறவர்களில் சிலர் ‘உலகத்துல நடக்காததா ஐயா’ என்றுதான் வாயைத் திறப்பார்கள். அப்படித் திறந்தால் தம்பி பங்கை விழுங்கியிருக்கிறார் என்று பொருள்.

மூன்றாம் முயற்சி. இது நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மகன் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில், பெரியவரின் மனைவிக்கு வலிப்பு வந்தது. மகன் சரக்குக் கிடங்கில் வேலையில் இருந்தான். மருமகள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பெரியவர் மூன்றாம் மாடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வண்டி நிறுத்துமிடத்தில் எத்தனை வண்டி வெள்ளை, எத்தனை கறுப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் காலை எட்டு மணிக்கு மேல் அவருக்கு இருந்த உத்தியோகம் அதுதான். ஊரில் அவர் நடந்து போனால் நாலு பேர் தோளில் கிடக்கும் துண்டை இறக்குவார்கள். இங்கே கதவைத் திறந்தால் தானாக எரிகிற விளக்கு ஒன்றுதான் அவரைக் கண்டு அசைந்தது.

மருத்துவ வண்டி வந்து நின்றது. பாவம், யாரோ என்று நினைத்தார். படுக்கையில் வைத்துத் தூக்கி வந்தபோது போர்வைக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. பழுப்புக் காலுறை. கட்டைவிரல் பக்கம் வெள்ளை நூலால் தைத்திருந்தது. நேற்று ஊசியில் அந்த நூலைக் கோத்துக் கொடுத்தவர் அவர்தான்.

3

இங்கே பின்னால் போக வேண்டியிருக்கிறது. போகாமல் கதை நகராது.

கல்யாணமாகி ஏழாம் மாதம் மனைவிக்கு முதல் வலிப்பு வந்தது. பெரியவருக்கு அப்போது கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அவர் இரண்டு மணி நேரம் பேருந்தில் போய், தன்னை யாருக்கும் தெரியாத ஊரில், ஒரு மருத்துவரைப் பார்த்தார். மனைவியைக் காட்டினார். மருந்து கொடுங்கள், ஆனால் சீட்டை என் பெயரில் எழுதுங்கள் என்றார்.

“உங்க பேர்ல எதுக்கு?” என்றார் மருத்துவர்.

“ஆம்பளைக்கு வந்தா அது வியாதி. வீட்டுப் பொம்பளைக்கு வந்தா அது வம்சத்துக்கே பேச்சு.”

மருத்துவர் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம், அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பெரியவரின் பெயரில்தான் வந்தது. அதை அவர் தியாகம் என்று நினைத்தார். நாளை விஷயம் வெளியே தெரிந்தால் பழி தன் தலையோடு போகட்டும் என்று தானே வைத்துக்கொண்டதாக நினைத்தார். (இதை எழுதும்போது என் முதுகு நிமிர்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.) தங்கைகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். வலிப்பு எப்போதாவது வரும். வந்தால் அறைக் கதவு சாத்தப்படும். மகனிடம் ‘அம்மா தூங்குறா’ என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

போன வருஷம் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான்.

“அப்பா, பழைய வியாதி ஏதாவது இருந்தா எழுதணும். அம்மாவுக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“உங்களுக்கு?”

மாத்திரையை விமானத்தில் கொண்டுபோகச் சீட்டு வேண்டும். சீட்டு அவர் பெயரில் இருக்கிறது.

“வலிப்பு,” என்றார் பெரியவர்.

“யாருக்கு, உங்களுக்கா? என்னப்பா சொல்றீங்க, எப்பலேருந்து?”

“அது கிடக்கு. எழுது.”

மகன் எழுதினான். பெரியவரின் உடம்பில் இல்லாத நோய்க்காகக் கூடுதல் சந்தா கட்டினான். அந்த வியாழக்கிழமை வலிப்பு பெரியவருக்கு வந்திருந்தால் நிறுவனம் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்திருக்கும். மருத்துவமனையில் கண் விழித்த மறுநாள் மனைவி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கட்டின பணத்துக்காவது நீங்க ஒரு தரம் விழுந்திருக்கலாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கதையில் சிரிப்பு வருகிற இடம் இது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

4

அந்த மருத்துவமனையில் மொழி தெரியாதவர்களுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. தொலைபேசியில் யாரோ ஒருவர் மொழிபெயர்ப்பார். அன்று வந்தது ஒரு பெண் குரல். மருத்துவர் தொலைபேசியைத் தலையணை மேல் வைத்தார். நோயாளி தனியாகப் பேச வேண்டும் என்று பெரியவரைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். திரை துணிதான். காதை மறைக்காது.

“வணக்கம்மா. பயப்படாதீங்க. டாக்டர் கேக்குறத நான் சொல்றேன், நீங்க சொல்றத அப்படியே அவருகிட்ட சொல்றேன். இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?”

பெரியவர் காத்திருந்தார். ‘இல்லம்மா’ என்று வரும் என்று காத்திருந்தார்.

“முப்பத்தொரு வருஷமா வருதும்மா,” என்றார் மனைவி.

அதன் பிறகு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. எப்போது வரும், வருவதற்கு முன் வாயில் இரும்பு கடித்த மாதிரி எப்படி ருசிக்கும், வந்து போனபின் எவ்வளவு நேரம் தன் பெயர் தனக்கு நினைவிருக்காது, எல்லாம். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அவனை நின்றுகொண்டு தூக்கியதே இல்லை என்றார். உட்கார்ந்துதான் வாங்குவேன், உட்கார்ந்துதான் கொடுப்பேன், மாமியார் சோம்பேறி என்பார், இருந்துவிட்டுப் போகிறது என்று விட்டுவிட்டேன் என்றார். குளிக்கும்போது தாழ்ப்பாள் போட மாட்டேன், பாட்டு முனகிக்கொண்டே குளிப்பேன், பாட்டு நின்றால் யாராவது வருவார்கள் என்று. மின்தூக்கியில் தனியாக ஏற மாட்டேன், படியேறும்போதும் அதே பாட்டுதான் என்றார்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்றவர் அந்தப் பாட்டை முப்பத்தொரு வருஷம் கேட்டவர். குளிக்கும்போது என்ன பாட்டு வேண்டியிருக்கு என்று ஒரு முறை கடிந்தும் இருக்கிறார்.

“இதெல்லாம் வீட்டுல யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களாம்மா?” இதை மருத்துவர் கேட்டாரா, அந்தப் பெண் தானாகக் கேட்டாளா, தெரியவில்லை.

“யாரும் கேட்டதில்லையேம்மா.”

அந்தப் பெண் அதை மருத்துவருக்குச் சொன்னாள். பிறகு:

“டாக்டர் கேக்குறாரு. மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களா, நடுவுல விட்டுட்டீங்களா?”

“மறந்துட்டேன்மா. ஊர் மாறுனதுல நேரம் குழம்பிப் போச்சு. என் தப்புதான்.”

(இந்த இடத்தில் ஒரு வரி எழுத வேண்டும். இப்போது முடியவில்லை. ஆறாம் பகுதியில் எழுதுகிறேன். ஏமாற்ற மாட்டேன்.)

5

மனைவி ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். நான்காம் வாரம் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வந்தது. மருமகள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாள். இந்த மாதிரி கடிதங்களோடு தினம் புழங்குகிறவள். வண்ண வண்ண ஒட்டுத்தாள் ஒட்டி ஒரு கோப்பே போட்டிருந்தாள்.

“மூணு தாள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையாம் மாமா. விண்ணப்பத்துல அத்தைக்கு ஒண்ணுமில்லன்னு இருக்கு. மருந்துச் சீட்டு உங்க பேர்ல இருக்கு. ஆஸ்பத்திரிக் குறிப்புல அத்தைக்குத்தான் முப்பத்தொரு வருஷமான்னு இருக்கு. நோய் யாருக்குன்னு கேக்குறாங்க. இருபத்தோரு நாளுக்குள்ள எழுதணும்.”

மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா தூங்குறான்னு சொல்லி என்னைய வெளிய அனுப்புவீங்களே. அதுவாப்பா?”

“அதுதான்.”

“நான் எவ்வளவு நாள் அம்மா மேல கோவமா இருந்திருக்கேன் தெரியுமா? பகல்ல தூங்குறாங்களேன்னு.”

மருத்துவமனைக் கணக்கு மகனுடைய ஏழு மாதச் சம்பளம். அது மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது. மகன் அதைத் திருப்பாமலே பேசினான்.

“சீட்டு உங்க பேர்லதான் இருக்கு. அம்மா ஏதோ மயக்கத்துல... அப்படி எழுதினா பணம் வந்துடும்னு நினைக்கிறேன்.”

மருமகள் கோப்பை மூடினாள். “எழுதறதுன்னா மாமாவே எழுதட்டும். என்னைய மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க.” பிறகு பெரியவரிடம் குரலைத் தணித்துச் சொன்னாள்: “மாமா, எது எழுதினாலும் நீங்கதான் எழுதணும். வெள்ளைத்தாளா மட்டும் அனுப்ப முடியாது.”

ஆகவே, வாசகரே, முடிவு ஒன்று:

[என் மனைவி மயக்க நிலையில் சொன்னவை உண்மையல்ல. மருந்து என்னுடையது. அவருக்கு இது முதல் முறை]

பணம் வரும். தங்கைகளின் வீட்டார் காதுக்கு எதுவும் போகாது. மகன் தலை தப்பும். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் எப்போது சொன்னார். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் அந்த அம்மாள் ஒரே ஒரு நாள் பத்து நிமிஷம் வாயைத் திறந்தார். அது உளறல் என்று கையெழுத்திட்டு அத்தாட்சி கொடுக்க வேண்டும். பத்திரம் எழுதியவனுக்குத் தெரியும்: எழுத்து ஒரு முறை பதிவாகிவிட்டால் ஆள் செத்த பிறகும் அது பேசும்.

முடிவு இரண்டு: மனைவி சொன்னதெல்லாம் உண்மை என்று எழுதுவது. பணம் வராது. பெரியவரின் பேச்சு பொய் என்று ஆகும். ஊரில் நிமிர்ந்து நடந்த நடை போகும். பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதாசிரியர்களுக்குப் பிடித்த முடிவு இது. படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவரை மன்னித்துவிடுவார்கள்.

ஆனால் அதிலும் ஒரு பொய் இருக்கிறது. மனைவி சொன்னதெல்லாம் உண்மை இல்லை.

6

சொன்னபடி எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு என்று வந்தவர்களை மகன் இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகச் சொன்னான். மாத்திரை மூன்றரை மாதத்துக்குத்தான் இருந்தது. அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. மருத்துவரிடம் போவதென்றால் மருமகள் கூட வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். பெரியவர் குளியலறைக்குள் போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சவர அலகால் ஒவ்வொரு மாத்திரையையும் பாதியாக வெட்டினார். மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் தானே எடுத்துக் கொடுத்தார். இருபத்து நான்கு நாள் கொடுத்தார். இருபத்தைந்தாம் நாள் வியாழக்கிழமை.

எழுதிவிட்டேன்.

படிவத்தோடு பெரியவர் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில் மனைவி துணிக்கூடையோடு மேலே வந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் அந்தக் கீழறைக்குத் தனியாகப் போவதில்லை. விழுந்த அன்று தன் மேல்சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்த நான்காம் மாடிப் பெண்மணி கூடப் போவாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஆனாலும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவார்கள். வலிப்பு எப்படி வரும் என்று மனைவி அவளுக்குக் கையை உதறி நடித்துக் காட்டினாராம். மருமகள் சொன்னாள். பெரியவர் மேலே தனியாக இருப்பார்.

“இன்னும் எழுதி முடியலையா? ஊரு சொத்தையெல்லாம் ஒரு மணி நேரத்துல எழுதிக் கொடுத்தவரு.”

“இது சொத்து இல்ல.”

“எனக்குச் சொத்துதான்.” மனைவி கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். “எனக்குன்னு தனியா இருந்தது அது ஒண்ணுதான். அதையும் உங்க பேர்ல எழுதிக்கிட்டீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பெரியவருக்குப் பதில் இருந்தது. கடைக்குப் போனால் உப்பு வாங்கி வாருங்கள் என்கிற குரலில் சொன்னார்.

“உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

“யாரு இல்லன்னா? உங்க தங்கச்சிங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க.”

பெரியவர் பேனாவை மூடினார். திறந்தார். “ஆஸ்பத்திரி போன்ல அந்தப் பொண்ணுகிட்ட மறந்துட்டேன்னு ஏன் சொன்ன?”

“மறந்துதான் போச்சு.”

“நீ ஒரு நாளும் மறந்ததில்ல.”

மனைவி காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார். “முப்பத்தொரு வருஷமா நாக்குல வைக்கிறேன். வெட்டின பக்கம் சொரசொரன்னு இருக்காதா? முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் முழுங்கின?”

“நீங்கதானே குடுத்தீங்க.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா வாங்கித் தந்திருப்பீங்களா?”

பெரியவர் கீழே விழுந்த ஒரு காலுறையை எடுத்து நீட்டினார்.

“சரி. அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் கொட்டினவ, இதையும் சொல்லியிருக்கலாமே.”

“வீட்டு விஷயத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.” மனைவி சிரித்தார். “என் விஷயத்தச் சொன்னேன். உங்க விஷயத்த நான் எப்படிச் சொல்றது?”

வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு, படியில் காத்திருந்த நான்காம் மாடிப் பெண்மணியோடு அடுத்த துணிக்குக் கீழே போனார். வாசல் விளக்கு எரிந்தது, அணைந்தது.

7

இனிப் பெரியவரை அனுப்பிவிடுகிறேன். இதற்கு மேல் அவரால் ஆகாது.

நாளை இருபத்தோராம் நாள். மேசையில் நான் மட்டும் இருக்கிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். மனைவி துணிக்கூடையோடு கீழே போயிருக்கிறாள். வெளியே பதினொரு வெள்ளை வண்டி, ஆறு கறுப்பு.

கட்டத்துக்கு மேலே, ‘நோயாளியின் பெயர்’ என்று ஒரு கோடு இருக்கிறது. இத்தனை நாளும் அதை நான் கவனிக்கவில்லை. அவள் பெயரை எழுதினேன். முப்பத்தொரு வருஷத்தில் அந்த நோய்க்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதியது இதுதான் முதல் முறை. அது என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்வதாக இல்லை. அது எங்கள் வீட்டுப் பெயர்.

முடிவு ஒன்று அதோடு போயிற்று. நோயாளி அவள்தான். கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் இப்படித் தொடங்கியிருக்கிறேன்:

நோயாளி தன் வாக்குமூலத்தில் கூறியவை அனைத்தும் உண்மை, ஓரிடம் நீங்கலாக. மாத்திரையை அவர் மறக்கவில்லை. அதை

அங்கே நிற்கிறது.

பத்திரத்தில் சாட்சிக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. எழுதிக் கொடுப்பவன் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தால் போதும். நான்தான் முறை தவறி உங்களுக்கு உள்ளே இருப்பதையும் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் வெறும் சாட்சி இல்லை. ‘அதை’ என்பதற்குப் பிறகு நான் என்ன எழுதுவேன் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுதினால் எனக்காக அவள் சொன்ன ஒரே பொய்யை நான் உடைக்கிறேன். எழுதாவிட்டால் அதற்குள் குடியிருக்கிறேன்.

கீழே துணி உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டது. நான்காம் மாடிக்காரி இன்று ஊரில் இல்லை என்று காலையில் மருமகள் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்படியானால் அவள் தனியாகத்தான் போயிருக்கிறாள். கூடையோடு மூன்று மாடியும் படியேறித்தான் வருவாள், மின்தூக்கியில் ஏற மாட்டாள்.

பேனாவை மூடாமல் வைக்கிறேன். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியில் போய் நிற்கிறேன். பாட்டு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடித்தல் மூன்று. திருத்தல் இல்லை. புதிதாகச் சேர்த்தது ஒரு பெயர். ஒப்பமிடும் இடம் காலி.